குருதியுண்ணி வேட்டையும் காலப்பயணமும்: பிரையன் ஆல்டிஸின் நாவலை முன்வைத்து

அறிவியல் புனைவு குறித்துத் தமிழில் நிகழும் உரையாடல்களில், ஒரு படைப்பை அவ்வகையுள் சேர்ப்பதா விலக்குவதா என்னும் வினா எழும்போது முதலில் தேடப்படுவது கருவிதான். விண்கலம் உண்டா, இயந்திர மனிதன் உண்டா, கணிப்பொறி உண்டா என்று பார்த்து, உண்டெனில் சேர்ப்பதும் இல்லையெனில் விலக்குவதும் ஏறக்குறைய மரபாகிவிட்டது. பேயோ பிணமோ கதைக்குள் தலைகாட்டினால் அப்படைப்பு திகில் கதை என்றோ மாயப்புனைவு என்றோ ஒதுக்கப்படுகிறது. சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்' போல, பேயா அறிவியலா என்னும் ஐயத்தையே கதைப்பின்னலாகக் கொண்ட நாவலை வகைப்படுத்த நேரும்போது இவ்வளவுகோல் தடுமாறுவதைக் காணலாம். ஆங்கில எழுத்தாளர் பிரையன் ஆல்டிஸ் (1925–2017) 1990களின் தொடக்கத்தில் வெளியிட்ட 'டிராகுலா அன்பவுண்ட்' என்னும் நாவலோ இதனை முழுமையாகவே செயலற்றதாக்குகிறது. இரத்தம் குடிக்கும் பிணங்களைக் காலப்பயணம் செய்து வேட்டையாடும் கதை அது. இவ்விரண்டில் எதுவும் இன்றுவரை அறிவியலின் கைக்கு எட்டியதன்று. ஆயினும் அந்நாவல் அறிவியல் புனைவே எனக் கொள்ளுதல் தகும். அதன் குறையும் அறிவியல் புனைவுக்குரிய குறையே என்பதுதான் இங்கு வலியுறுத்தப்படுவது.

வாம்பயர் என ஆங்கிலத்தில் வழங்கும் உயிரியைக் குறிக்க இக்கட்டுரையில் குருதியுண்ணி என்னும் சொல் ஆளப்படுகிறது. பழகிய 'இரத்தக் காட்டேரி' ஏன் தவிர்க்கப்பட்டது என்பதற்கான காரணம் உரிய இடத்தில் கூறப்படும்.

நாவலின் நாயகன் ஜோ போடன்லாண்ட் ஒரு கண்டுபிடிப்பாளன். நச்சுக்கழிவுகளைக் காலத்திற்குள் ஒதுக்கி வைத்து அப்புறப்படுத்தும் கருவியை உருவாக்கியவன். அவனுடைய நண்பரான தொல்லுயிரியலாளர் ஒருவர், அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துப் பாலைநிலத்தில், டைனோசர்களின் காலத்துப் பாறையடுக்கில் மனித வடிவிலான எலும்புக்கூட்டைக் கல்லறையிலிருந்து தோண்டியெடுக்கிறார். அதன் விலாவினூடே ஆப்பு அறையப்பட்டிருக்கிறது. அப்பகுதியில் இரவுதோறும் ஓசையின்றிக் கடந்து செல்லும் பேய்த்தொடர்வண்டி ஒன்றில் தொற்றிக்கொள்ளும் போடன்லாண்ட், அது காலத்தினூடே ஓடும் வண்டி என்பதை அறிகிறான். 1896ஆம் ஆண்டு இலண்டனில், தன் நாவலை எழுதிக்கொண்டிருக்கும் பிராம் ஸ்டோக்கரைச் சந்திக்கிறான். பின்னர் நிகழ்வது வேட்டை. குருதியுண்ணிகள் ஆவிகள் அல்லர். ஊர்வனவற்றின் பேருலகிலிருந்து கிளைத்துவந்த, கொன்றுண்ணும் ஓர் உயிரினம் என நாவல் விளக்குகிறது. எதிர்காலத்தில் உருவாகிய பேரழிவுக் குண்டு ஒன்று கடந்த காலத்திற்குக் கொண்டுசெல்லப்பட்டு, ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன்னர் வெடிக்கச் செய்யப்படுகிறது. டைனோசர்களின் அழிவு அவ்வெடிப்பின் விளைவு என்பது நாவல் தரும் முடிவு.

இக்கதைச் சுருக்கத்தைப் படிப்பவர் புன்னகைப்பது இயல்பே. ஆல்டிஸும் அப்புன்னகையை எதிர்பார்த்தே எழுதியிருக்கிறார். ஆனால் இந்நாவல் தனித்து நிற்பதன்று. 1973இல் அவர் எழுதிய 'ஃபிராங்கன்ஸ்டைன் அன்பவுண்ட்' நாவலிலும் போடன்லாண்டே நாயகன். அங்கு அவன் 2020ஆம் ஆண்டிலிருந்து 1816ஆம் ஆண்டின் ஜெனீவா ஏரிக்கரைக்குச் சென்று மேரி ஷெல்லியைச் சந்திக்கிறான். அதே 1973இல் வெளிவந்த 'பில்லியன் இயர் ஸ்ப்ரீ' என்னும் அறிவியல் புனைவு வரலாற்று நூலில், மேரி ஷெல்லியின் 'ஃபிராங்கன்ஸ்டைன்' நாவலே அறிவியல் புனைவின் தோற்றுவாய் என்னும் கருத்தை ஆல்டிஸ் முன்வைத்தார். பின்வந்த திறனாய்வு உலகம் பெருமளவு அக்கருத்தை ஏற்றும் எதிர்த்தும் பேசியே வளர்ந்தது. நாவல்களின் பெயரில் உள்ள 'அன்பவுண்ட்' என்னும் சொல் கட்டவிழ்ந்த புரோமிதியூஸைப் பாடிய பெர்சி ஷெல்லியின் நாடகப் பெயரை நினைவூட்டுவது. மேரி ஷெல்லி தம் நாவலுக்கு இட்ட துணைத்தலைப்பும் புரோமிதியூஸைச் சுட்டுவதே.

இங்கு ஒரு செய்தி கருதத்தக்கது. 1816ஆம் ஆண்டுக் கோடையில், அவ்வேரிக்கரை மாளிகையில் பைரன் தம் நண்பர்களை ஆளுக்கொரு பேய்க்கதை எழுதச் சொன்னபோது பிறந்தது ஃபிராங்கன்ஸ்டைன் மட்டுமன்று. பைரனின் மருத்துவராக உடனிருந்த ஜான் போலிடோரி, பைரன் தொடங்கிக் கைவிட்ட கதைத்துணுக்கினை அடியொற்றி எழுதிய 'தி வாம்பயர்' 1819இல் அச்சேறியது. ஆங்கில உரைநடைப் புனைகதையில் குருதியுண்ணிக்கு நிலையான உருவம் தந்த முதற்கதை அதுவே. ஒரே கூரையின்கீழ், ஒரே போட்டியின் பயனாகப் பிறந்த இரு குழந்தைகளில் மூத்தது அறிவியல் புனைவின் தாயாகப் போற்றப்பட்டது. இளையது பேய்க்கதைக் கூடத்திற்கு அனுப்பப்பட்டது. இப்பிரிவினை இலக்கிய வரலாற்றாசிரியர்கள் செய்தது. அதற்கு முதன்மைப் பங்களித்தவர் ஆல்டிஸ். ஏறத்தாழப் பதினேழு பதினெட்டு ஆண்டுகள் கழித்து அவரே டிராகுலாவைத் தம் காலவண்டியில் ஏற்றியது, தாம் விலக்கிய குழந்தைக்கும் உரிமை வழங்கிய செயலாகவே படுகிறது.

உண்மையில் ஸ்டோக்கரின் 'டிராகுலா' (1897) நாவலிலேயே இதற்கான விதை உள்ளது. கோட்டை, கல்லறை, சிலுவை, பூண்டு ஆகியவற்றையே நினைவிற்கொள்ளும் வாசகர் மறந்துவிடுவது அந்நாவலின் எழுதுகருவிகளை. ஜோனதன் ஹார்க்கரின் நாட்குறிப்பு சுருக்கெழுத்தில் அமைந்தது. மருத்துவர் சிவர்டு தம் குறிப்புகளை ஒலிப்பதிவு உருளைகளில் பதிகிறார். மீனா அவையனைத்தையும் தட்டச்சு செய்து, படிகள் எடுத்து, நாள்வாரியாக அடுக்குகிறாள். டிராகுலாவை வெல்ல உதவிய தலையாய படைக்கலம் எதுவெனக் கேட்டால், கத்தியோ ஆப்போ அன்று, இந்தக் காலவரிசைதான். சிதறிக்கிடந்த குறிப்புகள் நாள்முறைப்படி இணைந்த பின்னரே எதிரியின் நடமாட்டம் வேட்டைக்குழுவிற்குப் புலனாகிறது. டிராகுலாவும் இதனை அறிவான். ஆதலால்தான் அவன் கையெழுத்துப் படியையும் ஒலியுருளைகளையும் தீக்கிரையாக்குகிறான். பெட்டகத்தில் இருந்த தட்டச்சுப் படி தப்பிவிடுகிறது. எஞ்சியிருப்பவை மூல ஆவணங்கள் அல்ல, வெறும் தட்டச்சுத் தாள்களே என்று இறுதிக் குறிப்பில் ஹார்க்கர் ஒப்புக்கொள்வது சுவடிப்பதிப்பில் ஈடுபடும் தமிழாய்வாளர்க்கு நன்கு பழகிய துயரம்.

தொடர்வண்டியும் அவ்வாறே. டிரான்சில்வேனியக் கோட்டையில் அமர்ந்து டிராகுலா படிக்கும் நூல்களுள் ஒன்று இங்கிலாந்தின் தொடர்வண்டிக் கால அட்டவணை. மறுபுறம் மீனாவோ கால அட்டவணைகளை மனப்பாடம் செய்வதில் தேர்ந்தவள். வேட்டையாடுபவரும் வேட்டைப்பொருளும் ஒரே அட்டவணையைப் படிக்கின்றனர். ஆல்டிஸின் பேய்த்தொடர்வண்டி வானத்திலிருந்து குதித்ததன்று. ஸ்டோக்கரின் அட்டவணையே தண்டவாளம் ஏறிக் காலத்துள் ஓடத் தொடங்கியது எனலாம். மூலநாவலில் உருவகமாக இருந்ததைப் பின்வந்தவர் நேர்ப்பொருளாக்கியிருக்கிறார். முன்னோர் மொழிந்த பொருளைப் பொன்னேபோற் போற்றுவது என்று இதனைச் சொல்வதா, மிகைப்படுத்தல் என்று சொல்வதா என்பது வாசிப்பவரைப் பொறுத்தது.

கருவி அளவுகோலின் போதாமைக்கு ஸ்டோக்கரிடமே இன்னொரு சான்று உண்டு. லூசியைக் காப்பாற்ற நான்கு ஆடவர் அடுத்தடுத்துக் குருதி வழங்குகின்றனர். குருதிப்பிரிவு குறித்த சொல்லே அங்கில்லை. இருந்திருக்கவும் இயலாது, கார்ல் லாண்ட்ஸ்டைனர் குருதிப்பிரிவுகளைக் கண்டறிந்தது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். இன்றைய மருத்துவ அறிவின்படி அச்சிகிச்சையே லூசியைக் கொன்றிருக்கக் கூடும். அவ்வாறெனில் அது அறிவியலா, அறிவியலன்றா? தன் காலத்து மருத்துவத்தின் விளிம்பில் நின்று எழுதப்பட்ட காட்சி, பிற்காலக் கண்டுபிடிப்பினால் பொய்யாவது அறிவியல் புனைவின் இயல்பே. குருதியேற்றம் பொய்த்தது என்பதற்காக அதனைக் கழித்துவிட்டால், வெல்ஸின் காலப்பொறியையும் கழிக்க வேண்டிவரும்.

வெல்ஸின் 'தி டைம் மெஷின்' வெளிவந்தது 1895இல், டிராகுலாவுக்கு இரண்டே ஆண்டுகள் முன்னர். அதில் நிலத்தடியில் வாழ்ந்து, ஒளியை அஞ்சி, இருளில் மேலேறி எலாய் இனத்தாரைப் பிடித்துண்ணும் மார்லாக்குகள் யார்? மாளிகையில் வாழும் டிராகுலாவுக்கும் சுரங்கத்தில் வாழும் மார்லாக்குக்கும் வர்க்க அடிப்படையில் நேர்முரண் உண்டு. பிரபு உழவரை உறிஞ்சுவது ஒன்று, உழைப்பாளியின் வழித்தோன்றல் செல்வரின் வழித்தோன்றலை உண்பது மற்றொன்று. ஆயினும் இருள், ஊன், அச்சம் என்னும் அமைப்பு ஒன்றே. காலப்பயணக் கதை தன் முதற்பெரும் படைப்பிலேயே குருதி வேட்கையைச் சந்தித்துவிட்டது. ஆகவே இவ்விரு கதைமரபுகளின் கலப்பினை ஆல்டிஸின் விசித்திர விருப்பம் எனக் கருதத் தேவையில்லை.

இனி நாவலின் மையச் சிக்கலுக்கு வரலாம். வேட்டை என்பது ஒரு விலங்கையோ ஒரு கொடியவனையோ தேடிப் பிடிப்பது. ஸ்டோக்கரின் வேட்டை அத்தகையது: ஒரு டிராகுலா, அவன் செய்த குற்றங்கள், அவற்றிற்கான ஆவணங்கள், இறுதியில் தண்டனை. காலப்பயணம் புகுந்தவுடன் வேட்டையின் பொருளே மாறிவிடுகிறது. குற்றம் நிகழ்வதற்கு முன்னரே, குற்றவாளியின் மூதாதையைத் தேடிச் சென்று அழிக்க இயல்கிறது. அதன்பின் அது வேட்டையன்று, இனவழிப்பு. ஆல்டிஸின் நாவலில் குண்டு வெடிக்கும்போது அழிவது குருதியுண்ணிகள் மட்டுமன்று, அவ்வூழியின் உயிருலகில் பெரும்பகுதியும்தான். இத்தனை பெரிய செயலை அறத்தராசில் நிறுத்துவதற்கு நாவல் செலவிடும் பக்கங்கள் மிகக் குறைவு.

அதனினும் நுட்பமானது நாவல் அச்செயலை மறைக்கும் முறை. 1980இல் லூயி அல்வாரெஸும் அவருடைய மகன் வால்டர் அல்வாரெஸும் உடனாய்வாளர்களும், பாறையடுக்கில் காணப்பட்ட இரிடியம் மிகுதியைச் சான்றாகக் கொண்டு, விண்கல் மோதலே டைனோசர் அழிவிற்குக் காரணம் என்னும் கோட்பாட்டை வெளியிட்டனர். மெக்சிகோவின் சிக்சுலூப் பள்ளம் அம்மோதலின் தடம் என்பது 1990களின் தொடக்கத்தில் அறிவியலுலகில் நிலைபெறத் தொடங்கியது. நாவல் எழுதப்பட்டதும் அவ்வாண்டுகளில்தான். விண்கல் இருக்க வேண்டிய இடத்தில் குண்டை வைத்ததன் மூலம், மனிதர் செய்த பேரழிவை இயற்கை நிகழ்வின் போர்வைக்குள் ஆல்டிஸ் ஒளித்துவிடுகிறார். எப்படியும் நிகழவிருந்த அழிவுதானே என்னும் ஆறுதல் வாசகனுக்குக் கிடைக்கிறது. கதைப்பின்னலின் சாமர்த்தியம் என இதனைப் பாராட்டுவோர் உண்டு. அச்சாமர்த்தியமே நாவலின் ஊனம்.

இந்நாவல் விளையாட்டாக எழுதப்பட்டது, அதன்மீது இத்தகைய பாரத்தை ஏற்றுவது முறையன்று என்னும் மறுப்பு எழக்கூடும். அம்மறுப்பு எளிதில் தள்ளத்தக்கதன்று. நாவலின் நடையில் எள்ளல் மிகுதி. ஆனால் இதே சிக்கலை இதனினும் சிறிய நாவல் ஒன்று முன்னரே எதிர்கொண்டுள்ளது. ரிச்சர்டு மாத்தெசன் 1954இல் எழுதிய 'ஐ ஆம் லெஜண்ட்' நாவலில், கொள்ளைநோயால் உலகமே குருதியுண்ணிகளாகிவிட, எஞ்சிய ஒரே மனிதன் ராபர்ட் நெவில் பகலில் அவர்களைத் தேடிக் கொல்கிறான். நூலகத்திற்குச் சென்று நூல் திரட்டி, நுண்ணோக்கியின் வழியே குருதியை ஆராய்ந்து, நோய்க்குக் காரணம் ஒரு நுண்ணுயிரி எனக் கண்டறிகிறான். பூண்டுக்கும் சிலுவைக்கும் கூட உடலியல், உளவியல் விளக்கங்கள் தேடப்படுகின்றன. கருவி அளவுகோலின்படியும் இது ஐயத்திற்கிடமற்ற அறிவியல் புனைவு. ஆனால் நாவலின் வலிமை நுண்ணோக்கியில் இல்லை. இறுதியில், நோயோடு வாழப் பழகிய புதிய சமூகம் ஒன்று உருவாகிவிட்டதையும், உறங்குவோரைப் பகலில் வந்து கொன்றுசெல்லும் தானே அவர்களுடைய கதைகளில் வரும் அரக்கன் என்பதையும் நெவில் உணர்கிறான். வேட்டைக்காரனின் கண்ணிலிருந்து வேட்டைப்பொருளின் கண்ணுக்கு நாவல் மாறும் அந்த ஒரு பக்கம் ஆல்டிஸிடம் இல்லை. காலத்தின் எத்திசைக்கும் செல்லவல்ல அவருடைய வண்டி, எதிரியின் பக்கத்திற்கு மட்டும் செல்வதில்லை. தன் கருதுகோளைத் தானே சோதித்துப் பார்க்கும் துணிவே அறிவியல் மனப்பான்மை எனில், மாத்தெசனிடம் அது மிகுதி; ஆல்டிஸிடம் பொறிகள் மிகுதி.

சொல்லாட்சி பற்றிய விளக்கம் இங்கு இன்றியமையாததாகிறது. ஆங்கில வாம்பயருக்கும் தமிழ்க்கதை மரபுக்கும் இடையே மெய்யான ஒரு தொடர்பு உண்டு. சென்னைக் குடிமைப் பணியில் இருந்து தமிழ் கற்ற பெஞ்சமின் கய் பாபிங்டன், வீரமாமுனிவரின் பரமார்த்த குரு கதையை 1822இல் இலண்டனில் பதிப்பித்தவர். தமிழ் வேதாளக்கதையை ஆங்கிலத்தில் பெயர்த்து 1831இல் வெளியிட்டவரும் அவரே. தலைப்பில் வேதாளம் என்னும் சொல்லை அவர் மொழிபெயர்க்காமல் அப்படியே வைத்தார். (பிற்காலத்தில் மருத்துவராகி, 1850இல் தோன்றிய இலண்டன் கொள்ளைநோயியல் கழகத்தின் முதல் தலைவராகவும் அவர் விளங்கினார் என்பது மாத்தெசனின் வாசகர்களுக்குச் சுவையூட்டக்கூடிய செய்தி.) ஏறத்தாழ நாற்பதாண்டுகள் கழித்து, 1870இல், ரிச்சர்டு பர்ட்டன் அதே கதைத்தொகுதியைத் தழுவி வெளியிட்டபோது நூலுக்கு இட்ட பெயர் 'விக்ரம் அண்டு தி வாம்பயர்'. பாபிங்டன் காத்த சொல்லைப் பர்ட்டன் கைவிட்டார். அந்தப் பர்ட்டனைப் பிராம் ஸ்டோக்கர் நேரில் சந்தித்திருக்கிறார். அவருடைய கோரைப்பல் தம் கண்ணில் பட்ட விதத்தைப் பின்னர் எழுதியும் வைத்திருக்கிறார். இதைக் கொண்டு டிராகுலாவின் பல் பர்ட்டனுடையது என்று நிறுவ முற்படுவது வீண்வேலை. ஆனால் வேதாளம் வாம்பயரான இடமும் காலமும் நமக்குத் தெரிகின்றன.

அம்மொழிபெயர்ப்பில் இழந்தது என்ன? வேதாளம் குருதி குடிப்பதன்று. பிணத்துள் புகுந்து, முருங்கை மரத்தில் தொங்கி, கதை சொல்லி, வினாத் தொடுப்பது. அதனை எதிர்கொள்ளும் வழி விடை கூறுவதே. காட்டேரியோ நாட்டார் வழிபாட்டில் படையல் பெறும் தெய்வமுமாம். அச்சமூட்டுவது, எனினும் உரியதைக் கொடுத்தால் அமைதியுறுவது. கலிங்கத்துப் பரணியின் பேய்களும் பசித்தவை. போர்க்களத்தில் அவற்றுக்குக் கூழ் கிடைக்கிறது. யாரும் அவற்றை ஆப்பறைந்து துரத்துவதில்லை. ஒவ்வொரு பெயருக்குள்ளும் அவ்வுயிரியோடு மனிதர் கொள்ள வேண்டிய உறவு பொதிந்திருக்கிறது. வேதாளத்திற்கு விடை, காட்டேரிக்குப் படையல், பேய்க்குக் கூழ். ஐரோப்பிய வாம்பயருக்கு மட்டும் ஆப்பு. ஆதலின் டிராகுலாவை 'இரத்தக் காட்டேரி' எனப் பெயர்க்கும் தமிழ் நூல்களும் மொழிமாற்றுத் திரைப்படங்களும் அறிந்தோ அறியாமலோ நம் ஊர்த்தெய்வம் ஒன்றை வேட்டைக்குரிய விலங்காக்கிவிடுகின்றன. பர்ட்டன் செய்ததன் மறுதலைப் பிழை இது.

குருதியுண்ணி என்பதில் அக்குழப்பம் இல்லை. உண்ணி என்பது ஆட்டிலும் மாட்டிலும் ஒட்டிக் குருதி உறிஞ்சும் சிற்றுயிரின் பெயருமாதலால், ஆல்டிஸ் கூறும் உயிரியல் விளக்கத்திற்கும் மாத்தெசனின் நோய்விளக்கத்திற்கும் இச்சொல் பொருந்துகிறது. போலிடோரியின் பிரபுவுக்கும் ஸ்டோக்கரின் டிராகுலாவுக்கும் இது முழுதும் பொருந்துமா என்றால், இல்லை. அவர்கள் நாகரிகமாகப் பேசுபவர்கள், விருந்து படைப்பவர்கள், நிலவுடைமையாளர்கள். உண்ணி என்னும் சொல் அவர்களுடைய மேலங்கியைக் களைந்துவிடுகிறது. டிராகுலாவைத் தமிழாக்கும்போது வாம்பயர் என்னும் ஒலிபெயர்ப்பையே கொள்வது அதனினும் நேர்மையானது. ஆல்டிஸின் நாவல் தமிழாக்கம் பெறுமாயின் இவ்விரண்டு சொற்களும் ஒருங்கே தேவைப்படும்: ஸ்டோக்கரின் மேசைமீது கிடக்கும் கையெழுத்துப் படியில் ஒன்று, யூட்டாவின் பாறையடுக்கில் ஆப்போடு கிடக்கும் எலும்புக்கூட்டிற்கு மற்றொன்று.